மூன்றாவது சனிக்கிழமைக் கூலி எங்கிருந்து வரும்?

கேள்வி: திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் கட்டிங் மாஸ்டராக இருக்கிறேன். மாதம் 28,000 ரூபாய் சம்பளம். மனைவி வேறொரு கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறார். எங்கள் தெருவில் 12 மெஷின்களோடு ஓடிக்கொண்டிருக்கும் பவர்டேபிள் யூனிட் (கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் தையற்கூடம்) ஒன்று விலைக்கு வருகிறது. மெஷின்களுக்கு ஆறரை லட்சம், கட்டட முன்பணம் ஒரு லட்சம். என்னிடம் சேமிப்பு 5 லட்சம் இருக்கிறது. மனைவியின் நகையை வைத்தால் 4 லட்சம் கிடைக்கும். மைத்துனர், ‘எத்தனை நாளைக்கு அடுத்தவனுக்கு வெட்டிக் கொடுப்பீர்கள், சொந்தமாக லாபம் பாருங்கள், நானும் பங்குக்கு வருகிறேன்’ என்கிறார். அப்பாவோ, ‘மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறதே, எதற்கு வம்பு’ என்கிறார். தொழில் தொடங்க என்னென்ன வேண்டும்? எப்படிப் பதிவு செய்வது? மானியம் கிடைக்குமா?
– ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: உங்கள் கடிதத்தில் மெஷின் விலை இருக்கிறது, கட்டட முன்பணம் இருக்கிறது, நகைக்கு எவ்வளவு கிடைக்கும் என்பதும் இருக்கிறது. யாருக்குத் தைக்கப்போகிறீர்கள் என்பது மட்டும் எங்கும் இல்லை. இந்த ஊரில் ஆடிட்டராகத் தொழில் செய்யும் எனக்கு இது பழகிய விஷயம்தான். மெஷினை இறக்கி, பூஜை போட்டு, பெயர்ப் பலகையும் மாட்டிவிட்டு, அதற்குப் பிறகு தைப்பதற்குப் பீஸ் (வெட்டிய துணி) கேட்டுக் கம்பெனி கம்பெனியாக அலைபவர்கள் நிறையப் பேர். நீங்கள் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே எழுதிவிட்டீர்கள். அந்த மட்டில் நல்லது.

என்னென்ன வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு முன்னால் ஒரு தொழில் எதற்காக இருக்கிறது என்பதைப் பேசிவிடுவோம். லாபத்துக்காக என்று மைத்துனர் சொல்வார். உங்களுக்குப் பீஸ் கொடுக்கப்போகிற கம்பெனிக்காரருக்கு உங்கள் லாபத்தில் என்ன அக்கறை? அவருக்கு 20,000 பீஸ் குறித்த தேதியில் கப்பலேற வேண்டும், சொந்தத் தையல் லைனில் இடமில்லை, பையர் (சரக்கை வாங்குபவர்) தினமும் மின்னஞ்சல் அனுப்பி நச்சரிக்கிறார். அந்தத் தலைவலியில் ஒரு பங்கை நீங்கள் வாங்கிக்கொண்டால் காசு தருவார். உங்கள் செலவு போக மிஞ்சுவது உங்களுக்கு. அந்த மிச்சம் இல்லாமல் பீஸ் இல்லாத மாதங்களைத் தாண்ட முடியாது, தேய்ந்த மெஷினை மாற்ற முடியாது. எனவே லாபத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் ஒருவர் உங்கள் வாசலுக்கு வருவதற்கு உங்கள் லாபம் காரணமாக இருக்க முடியாது. அவருடைய தலைவலிதான் காரணம்.

ரொனால்ட் கோஸ் என்ற பிரிட்டிஷ் பொருளியல் அறிஞர் 1937-இல் ஒரு கேள்வியை எழுப்பினார். சந்தையில் எல்லா வேலையும் விலைக்குக் கிடைக்கிறது என்றால் நிறுவனம் என்று ஒன்று எதற்கு? ஆளாளுக்குத் தனித்தனியாக வேலை செய்து கொடுத்துக் காசு வாங்கிக்கொண்டு போகலாமே? சந்தைக்குப் போவதற்கே செலவு உண்டு என்பதுதான் அவர் கண்ட விடை. ஆளைத் தேட வேண்டும், விலை பேச வேண்டும், சொன்னபடி செய்தாரா என்று பார்க்க வேண்டும், செய்யாவிட்டால் மல்லுக்கு நிற்க வேண்டும். இந்த அலைச்சல் அதிகமாக இருக்கும் வேலையை ஒருவர் தன் கூரைக்குக் கீழே கொண்டுவந்து, சம்பளத்துக்கு ஆள் வைத்துச் செய்துகொள்கிறார். அலைச்சல் குறைவான வேலையை வெளியே கொடுத்துவிடுகிறார். 1991-இல் கோஸுக்குப் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது.

அவர் சொன்னதற்குத் திருப்பூரைவிட நல்ல சாட்சி தேட வேண்டியதில்லை. நூலை வாங்கி ஓரிடத்தில் நிட்டிங்குக்குக் கொடுக்கிறார்கள், அங்கிருந்து சாயப்பட்டறை, பிறகு காம்பாக்டிங் (துணி சுருங்காமல் பதப்படுத்துவது), பிரிண்டிங். எல்லாவற்றுக்கும் கிலோவுக்கு இவ்வளவு, பீஸுக்கு இவ்வளவு என்று ஊரறிந்த ரேட் இருக்கிறது. ஒருவர் சரியில்லை என்றால் அடுத்த தெருவில் இன்னொருவர். அதனால் சொந்தமாக ஓர் ஊசிகூட இல்லாமல் ஆர்டரை முடித்துக் கொடுப்பவர்கள் இங்கே உண்டு. அதே ஊரில் நூலிலிருந்து அட்டைப் பெட்டி வரை தன் வளாகத்துக்குள்ளேயே வைத்திருக்கும் பெரிய நிறுவனங்களும் உண்டு. அவர்களுடைய பையர் துணி போகும் ஒவ்வோர் இடத்தையும் ஆய்வு செய்ய வேண்டும் என்பார். தேதி தவறினால் விமானத்தில் அனுப்பச் சொல்லி, அந்தச் செலவை இவர்கள் தலையிலேயே கட்டுவார். பத்து இடத்துக்கு ஓடிக்கொண்டிருந்தால் அந்த வியாபாரம் தேறாது.

நீங்கள் வாங்க நினைக்கும் யூனிட் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. ஒரு நடுத்தரக் கம்பெனி, சாதாரண மாதங்களுக்குப் போதுமான லைனை மட்டும் சொந்தமாக வைத்துக்கொண்டு, அதற்கு மேல் வருவதை வெளியே பவர்டேபிளுக்குத் தள்ளுகிறது. நீங்கள் பிழைக்கப்போவது அப்படி வழிந்து வருகிற பீஸில்தான். ஆர்டர் குறையும்போது சொந்த லைனைக் காயப்போட்டுவிட்டு யாரும் வெளியே கொடுக்க மாட்டார்கள். முதலில் நிற்பது உங்கள் பீஸ்தான். 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்கள் மீது அமெரிக்கா 50 சதவீத வரி விதித்ததே, நினைவிருக்கும். உங்கள் கம்பெனியிலேயே அந்த நாள்களில் என்ன நடந்தது என்று நீங்கள் பார்த்திருப்பீர்கள். எனவே உங்களுக்குப் பீஸ் கொடுப்பவர் யார் என்பதோடு, அவர் யாருக்கு விற்கிறார் என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். உள்நாட்டுச் சரக்கு தைப்பவருக்கும் அமெரிக்காவுக்கு மட்டும் அனுப்புபவருக்கும் கெட்ட காலம் ஒரே மாதத்தில் வருவதில்லை. இரண்டு பேரிடமிருந்தும் பீஸ் வரும்படி வைத்துக்கொண்டவர்கள் ஓரளவு தப்பிக்கிறார்கள்.

இனிக் கணக்கு. ரேட்டுகளை உதாரணத்துக்காக நான் எடுத்துக்கொள்கிறேன், உங்கள் பகுதியின் ரேட்டைப் போட்டு நீங்களே மாற்றி எழுதிப் பாருங்கள். சாதாரண வட்டக் கழுத்து டீ-சர்ட். துணியை வெட்டி அவர்கள் கொடுத்துவிடுகிறார்கள், தைத்து, பிசிறு வெட்டி, செக்கிங் செய்து கொடுப்பது உங்கள் வேலை. பீஸுக்கு 28 ரூபாய். ஓவர்லாக், பேட்லாக், சிங்கர் எல்லாம் சேர்த்து 12 மெஷினில் ஒரு நாளைக்கு 500 பீஸ் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். வரவு 14,000 ரூபாய். டெய்லர் 12 பேருக்கு ஆளுக்கு 700 வீதம் 8,400. கைமடி (டெய்லருக்கு உதவியாள்), பிசிறு வெட்டுபவர், செக்கிங் என்று 4 பேருக்கு 450 வீதம் 1,800. கூலி மட்டும் 10,200. நூல், ஊசி, எண்ணெய் 600, மின்சாரம் 500, டீயும் ஆட்டோவும் 300. ஆக 11,600 போக நாளொன்றுக்கு 2,400 நிற்கிறது.

மைத்துனர் இதோடு கணக்கை நிறுத்தி, மாதம் 60,000 என்று சொல்லியிருப்பார். கட்டட வாடகை 20,000 என்று வையுங்கள், 40,000 ஆகிவிட்டது. உங்களிடம் 16 பேர் வேலை செய்கிறார்கள், 10 பேர் இருந்தாலே இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) உண்டு. முதலாளியின் பங்கு கூலியில் 3.25 சதவீதம், மாதம் ஏறக்குறைய 8,300. மிச்சம் 31,700. நகைக்கு நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி என்றால் 4,000. ஆக 25 நாளும் மெஷின் நிற்காமல் ஓடிய மாதத்தில் உங்கள் கையில் 27,700. இன்றைக்கு நீங்கள் வாங்கும் சம்பளம் 28,000! பீஸ் இல்லாமல் ஐந்து நாள் படுத்துவிட்டால் வாடகையும் வட்டியும் அப்படியே நிற்க, மிச்சம் 17,400-க்கு இறங்கிவிடும். அந்த ஐந்து நாளில் டெய்லர்களும் சும்மா காத்திருக்க மாட்டார்கள், அடுத்த யூனிட்டுக்குப் போய்விடுவார்கள். திரும்பக் கூப்பிட முன்பணம் கொடுக்க வேண்டும். அதை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை.

டேமேஜையும் சேர்க்கவில்லை. பீஸ் குறைந்தாலோ கறை பட்டாலோ, துணியின் விலையையும் சேர்த்துக் கம்பெனி உங்கள் பில்லில் கழித்துக்கொள்ளும். நூற்றுக்கு ஒரு பீஸ் போகிறது, பீஸுக்கு 150 ரூபாய் கழிக்கிறார்கள் என்றால் நாளைக்கு 750 ரூபாய், உங்கள் 2,400-இல் மூன்றில் ஒரு பங்குக்கு அருகில். ஒரு பீஸ் தைத்ததற்கு 28 ரூபாய் வாங்குகிறவர் ஒரு பீஸைக் கெடுத்ததற்கு 150 கொடுக்கிறார். இதனால்தான் உங்கள் மனைவிக்கு செக்கிங் தெரியும் என்பதை உங்கள் கடிதத்திலேயே மிக முக்கியமான தகவலாக நான் நினைக்கிறேன். நீங்கள் அதை ஒரு வரியில் தாண்டிவிட்டீர்கள். அவர் வேலையை விட்டு உங்கள் யூனிட்டுக்கு வந்தால் அவருக்கும் கூலிக் கணக்கு எழுதுங்கள். வீட்டுப் பெண் உழைப்பைச் செலவில் காட்டாமல் ‘லாபம்’ பார்க்கும் நோட்டுப் புத்தகங்கள் இந்த ஊரில் ஏராளம், அவற்றில் பெரும்பாலானவை லாபக் கணக்கே அல்ல.

இதுவரை சொன்னது லாப நட்டம். என் அனுபவத்தில் புது யூனிட்டுகள் மூடப்படுவது இதனால் இல்லை. லாபம் வருகிற யூனிட்டே மூடிப்போவதைப் பார்க்கிறேன். அதற்குக் காரணம் சனிக்கிழமை.

சனிக்கிழமை மாலை கூலி கொடுத்தாக வேண்டும், இது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வாரத்துக்கு ஆறு நாள் கூலி 61,200. நூல், மின்சாரம், மற்றவை 8,400. ஆக ஒவ்வொரு சனிக்கிழமையும் 69,600 ரூபாய் வெளியே போகிறது. உங்கள் பக்கம் வருவது எப்போது? முதல் வாரம் தைத்த 3,000 பீஸுக்கு 84,000 ரூபாய் பில் போடுகிறீர்கள். கம்பெனி 45 நாளில் கொடுக்கும், சொன்ன நாளில் கொடுத்தால். அந்த முதல் காசு உங்கள் கணக்கில் ஏறும்போது ஏழு சனிக்கிழமைகள் முடிந்திருக்கும். ஏழு சனிக்கிழமைக்கு 4,87,200 ரூபாய். ஒரு மாத வாடகையும் இஎஸ்ஐயும் சேர்த்தால் 5 லட்சத்தைத் தாண்டிவிடும்.

உங்கள் கையில் என்ன இருக்கும்? 9 லட்சத்தில் மெஷினுக்கும் முன்பணத்துக்கும் ஏழரை போக, ஒன்றரை லட்சம். முதல் சனிக்கிழமை தாண்டும். இரண்டாவதும் தாண்டும், அதன் பிறகு 10,800 ரூபாய் மிஞ்சும். மூன்றாவது சனிக்கிழமை 16 பேர் வரிசையில் நிற்கும்போது என்ன செய்வீர்கள்? அன்றைக்குத்தான் வாரவட்டிக்காரர் அறிமுகம் ஆவார். மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது, பீஸ் இறங்கிக்கொண்டிருக்கிறது, நோட்டில் லாபம் தெரிகிறது, கல்லாவில் மட்டும் காசு இல்லை.

இதற்கு மேல் ஒன்று உண்டு. ஜவுளி ஜாப் ஒர்க்குக்கு (அடுத்தவர் துணியில் கூலிக்கு வேலை செய்து கொடுப்பதற்கு) 5 சதவீத ஜிஎஸ்டி. பில் போட்ட மாதத்துக்கான வரியைக் கம்பெனி பணம் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் நீங்கள் கட்டியாக வேண்டும். ஜாப் ஒர்க் சேவைக் கணக்கில் வருவதால் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் பதிவு கட்டாயம், உங்களுக்கு முழு ஆண்டு ஓடினால் 42 லட்சம் வரும். பதிவிலிருந்து தப்ப வழி தேடாதீர்கள். வரி பில் கொடுக்காத யூனிட்டுக்கு ஒழுங்கான கம்பெனிகள் பீஸ் கொடுக்கத் தயங்கும்.

பணம் தாமதமானால் சட்டம் இருக்கிறதா என்றால், இருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, எழுதி ஒப்புக்கொண்டிருந்தாலும் 45 நாளுக்கு மேல் இழுக்கக் கூடாது. எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள்தான். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. ஆனால் ஒரே ஒரு கம்பெனியை நம்பித் தைக்கிறவர் அந்தக் கம்பெனி மீதே புகார் கொடுத்து நான் பார்த்ததில்லை. உங்களுக்கு இரண்டாவது, மூன்றாவது வாடிக்கையாளர் இருந்தால்தான் இந்தச் சட்டம் பயன்படும். சட்டத்தின் பாதுகாப்பு கிடைக்க, உத்யம் என்ற சிறு தொழில் பதிவு வேண்டும். இணையத்தில் நீங்களே செய்துகொள்ளலாம், கட்டணம் கிடையாது. செய்து தருகிறேன் என்று ஆயிரங்களில் கேட்பவரிடம் போக வேண்டாம்.

அடுத்து வங்கிக் கடன், பிறகு நீங்கள் கேட்ட மானியம். மெஷினுக்குக் கடன் வேறு, சனிக்கிழமைக்குக் கடன் வேறு. முன்னதைத் தவணைக் கடன் என்பார்கள், பின்னது நடைமுறை மூலதனத்துக்கான சிசி (கேஷ் கிரெடிட்) கணக்கு. கடன் வாங்க வருகிறவர்கள் எல்லோரும் முதல் வகையை மட்டுமே கேட்கிறார்கள், ஏனென்றால் மெஷின் கண்ணுக்குத் தெரிகிறது. சிறு தொழிலுக்கு, எதிர்பார்க்கும் ஆண்டு வரவில் 20 சதவீதத்தை சிசி வரம்பாகக் கணக்கிடும் முறை வங்கிகளில் உண்டு, 5 சதவீதம் உங்கள் கையிலிருந்து வர வேண்டும். 42 லட்சத்துக்கு அது 8.4 லட்சமும் 2.1 லட்சமும். புது ஆளுக்கு அத்தனையும் கொடுத்துவிட மாட்டார்கள், ஆனால் மேலாளரிடம் இந்தக் கணக்கோடு உட்கார்ந்தால் பேச்சே வேறு மாதிரி இருக்கும். சிறு தொழில் கடனில் குறிப்பிட்ட வரம்பு வரை வங்கி சொத்துப் பிணை கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கியின் விதி இருக்கிறது, கேட்டால் அதை நினைவூட்டுங்கள். மானியத்தைப் பொறுத்தவரை, பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டம் போன்றவை புதிதாகத் தொடங்கும் தொழிலுக்கானவை. ஏற்கெனவே ஓடும் யூனிட்டைக் கை மாற்றி வாங்கினால் அது எடுபடாது. வரம்புகளும் காலமும் மாறிக்கொண்டே இருப்பதால், எதை வாங்குவதாக இருந்தாலும் அதற்கு முன் மாவட்டத் தொழில் மையத்துக்கு ஒரு நடை போய்விடுங்கள். வாங்கிய பிறகு போனால் அவர்களால் எதுவும் செய்ய முடியாது.

இஎஸ்ஐ பற்றி மேலே எழுதியதைப் படித்ததும் ஒன்று தோன்றியிருக்கும். ‘பக்கத்து யூனிட்டில் யாரும் கட்டுவதில்லையே.’ தெரியும். செலவை நோட்டில் எழுதாமல் விட்டால் அது இல்லை என்று ஆகிவிடாது என்பதற்கு இந்த ஊரே பாடம் படித்திருக்கிறது. சாயக்கழிவைச் சுத்திகரிக்கும் செலவை நொய்யல் ஆற்றின் தலையில் இறக்கிவைத்துவிட்டுப் பல ஆண்டுகள் இங்கே லாபக் கணக்கு எழுதினார்கள். கீழே ஒரத்துப்பாளையம் அணையில் சாயத்தண்ணீர் தேங்கியது, பாசன விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள், 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் ஒரே அடியாக நின்றன. சாயம் போட வழியில்லாமல் நிட்டிங்கும் தையலும் தடுமாறின. கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியே போகக் கூடாது என்ற நிபந்தனையின் பேரில்தான் பிறகு திறந்தார்கள். அதற்கான செலவு இன்றைக்குச் சாயக் கூலியிலேயே ஏறியிருக்கிறது. உங்கள் யூனிட்டில் கழிவுநீர் கிடையாது, ஆனால் ஊசி விரலில் இறங்கும் டெய்லர் இருக்கிறார், இரவு ஷிப்ட் முடித்து வீட்டுக்குப் போகும் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கான செலவையும் சேர்த்து ரேட் பேச முடியாவிட்டால் அந்த ரேட்டில் தைக்காமல் இருப்பதே மேல்.

அப்படியென்றால் அப்பா சொன்னபடி பேசாமல் இருந்துவிடலாமா? நான் அப்படிச் சொல்ல வரவில்லை. உங்களிடம் விலை போகக்கூடிய சரக்கு ஒன்று இருக்கிறது. அது விற்பனைக்கு வந்திருக்கும் அந்த 12 மெஷின்களில் இல்லை, உங்கள் கையில் இருக்கிறது. தையல் யூனிட்டுக்கு இந்த ஊரில் பஞ்சமில்லை. துணியை மிச்சப்படுத்தி வெட்டத் தெரிந்தவர் அத்தனை பேர் இல்லை. ஒரு டீ-சர்ட்டின் அடக்க விலையில் பாதிக்கு மேல் துணி. பீஸுக்கு 200 கிராம் துணி போகும் இடத்தில், டயா (துணியின் அகலம்) பார்த்து, லே (வெட்டுவதற்கான துணி அடுக்கு) ஒழுங்காக விரித்து, அளவுகளை மாற்றி அடுக்கி நீங்கள் நூற்றுக்கு மூன்று மிச்சம் பிடித்தால் பீஸுக்கு 6 கிராம். 10,000 பீஸுக்கு 60 கிலோ. கிலோ 400 என்றால் 24,000 ரூபாய். இதை உங்கள் முதலாளிக்கு மாதந்தோறும் நீங்கள் செய்து கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். சொந்தமாக நல்ல கட்டிங் மாஸ்டர் வைத்துக்கொள்ள முடியாத சிறு கம்பெனிகள், இங்குள்ள ஆடைச் சந்தையான காதர்பேட்டைக்குச் சரக்கு போடுபவர்கள், உள்நாட்டு பிராண்டுக்குச் சிறு ஆர்டர் எடுப்பவர்கள் ஆகியோருக்கு இந்த 24,000 ஒரு தலைவலி. அதைத் தீர்க்கிறேன் என்று போய் நின்றால் உங்களிடம் பேசுவார்கள். ‘என்னிடம் 12 மெஷின் இருக்கிறது’ என்று போய் நின்றால், ‘போன் நம்பரை எழுதிவிட்டுப் போங்கள்’ என்பார்கள்.

கட்டிங் மட்டும் ஜாப் ஒர்க்காகச் செய்யும் யூனிட்டுக்கு வெட்டும் மெஷின் ஒன்றிரண்டு, நீளமான டேபிள், தராசு, நல்ல வெளிச்சம், நாலைந்து ஆள் போதும். சனிக்கிழமைத் தொகை மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே வந்துவிடும். உங்கள் 5 லட்சத்துக்குள்ளேயே முடித்து, எட்டு வாரக் கூலியை வங்கியில் தனியாக வைத்துக்கொண்டே தொடங்கலாம். நகையைத் தொட வேண்டியதில்லை. மனைவி இப்போதைய வேலையிலேயே இருக்கட்டும், ஒரு நிலையான சம்பளம் வீட்டுக்கு வந்துகொண்டிருக்கும். இதிலும் ஆபத்து உண்டு. தைத்ததைப் பிரித்துத் தைக்கலாம், தப்பாக வெட்டிய துணியை ஒட்ட முடியாது. துணி வரும்போது எடை போட்டு, டெலிவரி சலானில் கிலோவையும் ரோல் எண்ணிக்கையையும் எழுதி, கையெழுத்து வாங்காமல் கத்தியை எடுக்காதீர்கள். வெட்டிய பீஸ், பிட், வேஸ்ட் மூன்றையும் எடை போட்டுத் திருப்பிக் கொடுங்கள். உங்கள் மிச்சத்தை அவர் கண்ணால் பார்க்க வேறு வழி இல்லை.

முதலில் யாரிடம் கேட்பது? உங்கள் முதலாளியிடமே கேளுங்கள். மறைத்து மறைத்து வெளியே ஏற்பாடு செய்தால் நாலு நாளில் அவர் காதுக்குப் போய்விடும், இந்த ஊர் அவ்வளவு சிறியது. டேபிளில் நின்று வேலை பார்த்து முதலாளியானவர்கள் திருப்பூரில் நிறையப் பேர், அவரும் அப்படி வந்தவராக இருக்கலாம். வேலை அதிகமான மாதங்களில் அவரே உங்களுக்கு முதல் வாடிக்கையாளர் ஆகலாம். ஆனால் அவர் ஒருவர் மட்டும் போதாது.

தெருவில் விற்பனைக்கு வந்த யூனிட்டை இன்னும் மனம் விடவில்லை என்றால், அந்த உரிமையாளரிடம் கடந்த 12 மாத ஜாப் ஒர்க் பில்களையும் ஜிஎஸ்டி கணக்குகளையும் கேளுங்கள். எந்தெந்தக் கம்பெனி பீஸ் கொடுத்தது, எத்தனை நாளில் பணம் வந்தது, எந்த மாதங்களில் பில்லே இல்லை என்பதெல்லாம் அதில் இருக்கும். ஏன் விற்கிறார் என்று அவரிடம் கேட்பதைவிட அங்கே தைக்கும் டெய்லர்களிடம் கேட்பது நல்லது. பீஸ் கொடுத்த கம்பெனிகளை நேரில் பார்த்து, ஆள் மாறினாலும் பீஸ் தொடருமா என்று கேளுங்கள். தொடராது என்றால் நீங்கள் ஆறரை லட்சம் கொடுத்து வாங்குவது பழைய இரும்பு.

பதிவு விஷயம் சுலபம். தொடக்கத்துக்குத் தனிநபர் நிறுவனம் போதும். உங்கள் பான் எண்ணிலேயே நடத்தலாம், நிறுவனத்தின் பெயரில் நடப்புக் கணக்கு ஒன்று, உத்யம், ஜிஎஸ்டி. பிரைவேட் லிமிடெட் என்ற பெயர்ப் பலகை அழகாக இருக்கும், ஆனால் ஆண்டுதோறும் தணிக்கை, தாக்கல் என்று அதற்கே செலவு ஓடும். என் வருமானத்துக்கு நல்லது, உங்களுக்குத் தேவையில்லை. வீட்டு மின் இணைப்பில் தொழில் மெஷினை ஓட்டாதீர்கள், சோதனையில் அகப்பட்டால் கட்டும் தொகையில் ஒரு வருட லாபம் போய்விடும்.

மைத்துனரைப் பங்குதாரராகச் சேர்ப்பதுதான் எனக்கு உறுத்துகிறது. அவர் எவ்வளவு பணம் போடுகிறார், தினமும் வந்து நிற்பாரா என்று நீங்கள் எழுதவில்லை. 1932-ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டப்படி தொழிலின் பெயரில் அவர் வாங்கும் கடனுக்கு நீங்களும் முழுப் பொறுப்பு, உங்கள் வீடு வரை. சேர்த்துத்தான் ஆக வேண்டும் என்றால் யார் எவ்வளவு போட்டது, யாருக்கு மாதச் சம்பளம், காசோலையில் யார் கையெழுத்து, ஒருவர் விலக விரும்பினால் பணத்தை எத்தனை மாதத்தில் எப்படித் திருப்பித் தருவது என்பதை முத்திரைத் தாளில் எழுதுங்கள். உறவுக்குள் எதற்குப் பத்திரம் என்று அவர் கேட்டால், அவரிடம் கைமாற்றாக ஒரு தொகை வாங்கிக்கொண்டு, வட்டியோடு திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பங்கு வேண்டாம்.

வேலையை விடுவதற்கு முன் மூன்று சிறு கம்பெனிகளிடம் கட்டிங் ஜாப் ஒர்க் பற்றிப் பேசுங்கள். மாதம் எத்தனை கிலோ கொடுப்பார்கள், கிலோவுக்கு என்ன ரேட், எத்தனை நாளில் பணம், இப்போது வெட்டிக் கொடுப்பவரிடம் என்ன குறை என்ற நான்கையும் கேட்டு எழுதி அனுப்புங்கள். அந்த எண்களை வைத்து வங்கிக்குக் கொடுக்க வேண்டிய திட்ட அறிக்கையைப் பற்றி அடுத்த கடிதத்தில் பேசலாம்.